சீனி வருத்தக்காரருக்குக் காலில் புண்: கொழும்பில் எங்கே போவது, என்ன கேட்பது, எதற்குச் செலவழிப்பது

அம்மாவுக்கு வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே வந்த புண் ஆறும்வரை அரச வைத்தியசாலை, தனியார் வைத்தியசாலை, ஒழுங்கை முனை டிஸ்பென்சரி என்று கொழும்பில் எல்லாப் படியும் ஏறி இறங்கியாயிற்று. அந்த அலைச்சலில் பாதி தேவையில்லாதது. முதலில் எங்கே போவது, எந்தத் துண்டைக் கையில் வைத்திருப்பது என்று யாராவது தமிழில் எழுதி வைத்திருந்தால் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. எந்த மருந்து, எத்தனை குளிசை என்பதை இதில் தேடாதீர்கள், அதை உங்களைப் பார்க்கும் டொக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். புண்ணைப் பார்க்க வருகிற எல்லாரும் "என்ன மருந்து போடுறீங்கள்?" என்றுதான் கேட்பார்கள். மேலே போடும் மருந்து இந்தக் கதையில் கடைசி ஆள். புண் உள்ள இடம் தரையில் ஊன்றாமல் இருக்கிறதா, காலுக்கு இரத்தம் போகிறதா, கிருமி ஏறியிருக்கிறதா, சீனி எவ்வளவு நிற்கிறது, இந்த நாலும் சரியில்லை என்றால் எவ்வளவு விலையான களிம்பும் வீண். காசையும் நேரத்தையும் இந்த நாலிலும் போடுங்கள்.

1. இன்றைக்கே ஓட வேண்டியதா, நாளைக்குப் போகலாமா

வலியை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல வருடம் சீனி இருந்தவர்களுக்குக் கால் நரம்பு மரத்துப் போயிருக்கும். ஆணி ஏறிய சிலிப்பரோடு நாள் முழுக்க நடந்துவிட்டு, இரவு தரையில் இரத்தக்கறையைப் பார்த்துத்தான் விஷயமே தெரியவரும். நித்திரையில் எலி கடித்ததுகூடத் தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். வலி இல்லை என்பது நல்ல செய்தி என்று எடுத்தால் மோசம் போவீர்கள்.

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் கிளினிக் திகதி பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்: புண்ணின் ஓரத்திலிருந்து 2 சென்ரிமீற்றருக்கு மேல் சிவப்பு பரவியிருக்கிறது, சீழ் அல்லது கெட்ட மணம் வருகிறது, விரல் கறுக்கிறது அல்லது சில்லிட்டுப் போகிறது, கால் வீங்கிக்கொண்டு மேலே ஏறுகிறது, குளிர்நடுக்கம் அல்லது வாந்தி வருகிறது. சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லாமல் சீனி திடீரென்று எகிறினாலும் அதே கணக்குத்தான். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீரிழிவுக்காரருக்கு உள்ளே கிருமி நன்றாக ஏறியிருந்தும் காய்ச்சல் காயாமல் இருக்கலாம். நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இவை எதுவும் இல்லாத சாதாரணப் புண் என்றாலும் அடுத்த வேலை நாளுக்குள் ஒரு டொக்டர் பார்த்தாக வேண்டும். "ஒரு கிழமை பார்ப்பம்" என்பதுதான் இந்த வருத்தத்தில் ஆகக் கூடின செலவு.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து, வீங்கியிருந்தாலும் விடக் கூடாது. அது எலும்பு மெலிந்து நொறுங்கத் தொடங்கும் சார்கோட் பாதமாக இருக்கலாம். வாதம், சுளுக்கு என்று தைலம் தேய்த்து நடக்கவிட்டால் பாதத்தின் வடிவமே மாறிவிடும். டொக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

2. எங்கே போவது

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் என்றால் களுபோவில. வத்தளை, ஜாஎலப் பக்கம் என்றால் ராகம. கொட்டாஞ்சேனை, மருதானை, தெமட்டகொட என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலை. மூன்றும் பெரிய அரச வைத்தியசாலைகள், மூன்றிலும் பார்ப்பதற்குக் காசில்லை. ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) முதலில் பார்ப்பார்கள், அங்கிருந்து சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கும் நீரிழிவுக் கிளினிக்குக்கும் கடிதம் தருவார்கள். இரண்டுக்கும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுக்கு மட்டும் எழுதி அனுப்பினால் ஒரு பக்கம் புண்ணைப் பார்ப்பார்கள், மறுபக்கம் சீனி தன்பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்.

திட்டம் போடுவதற்குப் பெரிய வைத்தியசாலை, மருந்து கட்டுவதற்கு வீட்டுக்குக் கிட்டின இடம். இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கட்டுவது மாதக்கணக்கில் போகும் வேலை. ஒவ்வொரு முறையும் பொரளைச் சந்தி நெரிசலில் ஒரு மணித்தியாலம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனால் வீக்கம்தான் மிச்சம். எந்த மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று டொக்டரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு, பக்கத்திலுள்ள பிரதேச வைத்தியசாலையிலோ, மாநகர சபையின் இலவச மருந்தகத்திலோ, தெரிந்த டிஸ்பென்சரியிலோ கட்டுவார்களா என்று கேளுங்கள். எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், தங்கள் இஷ்டத்துக்கு மாற்றவும் மாட்டார்கள்.

ராஜகிரியவில் நீரிழிவுச் சங்கம் நடத்தும் தேசிய நீரிழிவு நிலையம் இருக்கிறது. சீனி, பாதம் இரண்டையும் ஒரே இடத்தில் காட்ட நினைப்பவர்கள் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போகலாம்.

சனல் பண்ணுவதென்றால், அதாவது தனியாரில் காசு கட்டி நிபுணரைப் பார்ப்பதென்றால், யாரைச் சனல் பண்ணுகிறீர்கள் என்பதில்தான் கண்ணி. புண் தோலில் இருக்கிறது என்று தோல் டொக்டரிடம் போகிறவர்கள் நிறைய. பார்க்க வேண்டியது சத்திரசிகிச்சை நிபுணர். காலில் நாடி சரியாகப் பிடிபடவில்லை என்றால் இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர். சீனிக்கு நீரிழிவு, ஹோர்மோன் நிபுணர். அரச வைத்தியசாலை நிபுணர்கள் பலர் பின்னேரத்தில் தனியாரிலும் இருப்பார்கள். ஒருமுறை சனலில் காட்டிவிட்டு, "உங்கட கிளினிக்குக்கு ஒரு கடிதம் தாங்கோ டொக்டர்" என்று கேட்பது இங்கே வழமைதான். கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த ஒரு சனல் காசு பல கிழமைக் காத்திருப்பை மிச்சம் பிடிக்கலாம்.

மொழிக்கு ஒரு வார்த்தை. கிளினிக்கில் நம்பர் கூப்பிடுவது பெரும்பாலும் சிங்களத்தில். சீனி வருத்தத்துக்கு "தியவெடியாவ", புண்ணுக்கு "துவாலய". இந்த இரண்டும், உங்கள் நம்பரைச் சிங்களத்தில் கேட்டால் விளங்குவதும் போதும், மிச்சத்துக்கு வரிசையில் யாராவது உதவுவார்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

ஒரு பிளாஸ்ரிக் ஃபைல் வாங்கி இவற்றைப் போடுங்கள்:

- அடையாள அட்டையும் அதன் போட்டோகொப்பியும்
- கிளினிக் கொப்பி. பழையது முடிந்து புதியது தந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டி வையுங்கள்
- இதற்கு முன் வாட்டில் இருந்திருந்தால் டயக்னோசிஸ் காட் (வீட்டுக்கு அனுப்பும்போது வருத்த விவரம் எழுதித் தரும் அட்டை)
- கடைசி எச்பிஏ1சி (2, 3 மாதச் சீனிச் சராசரி), கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி என்று காட்டுவது), கொலஸ்ட்ரோல் ரிப்போட்கள்
- எல்லாக் குளிசைகளின் பெயரும் அளவும் எழுதின தாள், கூடவே ஒத்துவராத மருந்துகளின் பெயர்
- வீட்டில் பார்த்த சீனி அளவுகள், திகதியோடு
- ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டது என்ற விவரம்

இதைவிடப் பெறுமதியானது உங்கள் போனில் இருக்கும் படம். கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில், புண்ணுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் வேறு டொக்டர் பார்ப்பார். போன முறை எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது, கொப்பியில் "புண் உண்டு, மருந்து கட்டவும்" என்றுதான் இருக்கும். படங்களைத் தள்ளிக் காட்டினால் நிமிடத்தில் கதை விளங்கிவிடும்.

திகதி தரும்போதே கலண்டரைப் பாருங்கள். போயா நாளில் கிளினிக் இல்லை. ஏப்ரல் புத்தாண்டுக் கிழமையில் நிபுணர்கள் லீவு, பாமசிகள் பாதி பூட்டு, டிஸ்பென்சரிக்காரரும் ஊருக்குப் போய்விடுவார். மருந்துத் துணி, சேலைன், இன்சுலின், குளிசை எல்லாம் முதல் கிழமையே வாங்கி வையுங்கள்.

4. முதல் நாளிலேயே கேட்க வேண்டியவை

டொக்டர் புண்ணை மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதத் தொடங்கினால், மரியாதையோடு இடைமறித்து மூன்று விஷயம் கேளுங்கள்.

முதலாவது இரத்த ஓட்டம். பாதத்தில் இரண்டு இடத்தில் நாடி பிடித்துப் பார்க்கலாம். பிடிபடவில்லை என்றால் கணுக்காலில் உள்ள அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் பிரித்துப் பார்க்கும் ஏபிஐ பரிசோதனை, அல்லது குழாயில் இரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கான். ஏபிஐ 0.9 இற்குக் கீழே வந்தால் குழாய் அடைப்பு இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. நீண்டகால நீரிழிவுக்காரரின் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு படிந்து விறைத்திருக்கும், அப்போது எண் 1.3 இற்கு மேல் போகும். அதைப் பார்த்து "இரத்தம் நல்லாப் போகுது" என்று சந்தோஷப்பட வேண்டாம். அந்த நிலையில் விரலில் அழுத்தம் பார்ப்பார்கள்.

இரண்டாவது எலும்பு. புண் ஆழமாக இருந்தால் மழுங்கின கம்பியால் மெதுவாகத் தொட்டு எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். எலும்பில் கிருமி பிடித்த முதல் 2, 3 கிழமை எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆகவே "எக்ஸ்ரே கிளியர்" என்றதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. புண் மூடாமலே இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது கிருமி. சீழ், சிவப்பு, சூடு எதுவும் இல்லாத புண்ணுக்கு அன்ரிபயோடிக் தேவையில்லை, குடித்தால் புண் சீக்கிரம் ஆறும் என்பதும் இல்லை. கிருமி இருக்கிறது என்றால் புண்ணைச் சுத்தம் பண்ணிய பிறகு உள்ளேயிருந்து எடுத்த சதைத்துண்டைத்தான் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மேலாக பஞ்சால் துடைத்து எடுத்தால் தோலில் சும்மா இருக்கும் கிருமியெல்லாம் ரிப்போட்டில் வரும். சாதாரணமாக 1 முதல் 2 கிழமை மருந்து, எலும்பு வரை போயிருந்தால் 6 கிழமை அளவில். பழைய துண்டைக் கொண்டுபோய் காலி வீதியில் எந்தப் பாமசியிலாவது அதே அன்ரிபயோடிக்கைத் திரும்ப வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

5. கால் ஊன்றாமல் இருப்பது

புண் ஆறுமா ஆறாதா என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. ஆனால் யாரும் இதை உட்கார்ந்து விளக்கமாட்டார்கள். "நடக்காதேங்கோ" என்று ஒரு சொல்லோடு அனுப்பிவிடுவார்கள். நடக்காமல் ஒரு மனுசர் எப்படி இருப்பது?

உள்ளங்காலின் முன்பக்கத்துப் புண்ணுக்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட முதல் வழி, முழங்கால் வரை போடுகிற, கழற்ற முடியாத பிளாஸ்டர் அல்லது பூட்ஸ். பாரம் முழுப் பாதத்துக்கும் காலுக்கும் பரவிவிடும், புண்ணில் அழுத்தம் விழாது. கழற்ற முடியாதது என்பதுதான் அதன் சிறப்பே. கழற்றக்கூடிய பூட்ஸ் வாங்கினால் வெளியே போகும்போது மட்டும் போட்டுவிட்டு, வீட்டுக்குள் வெறுங்காலோடு திரிவார்கள். வீட்டுக்குள் நடப்பதுதான் அதிகம் என்பது யாருக்கும் கணக்கில் வராது. கிருமி நிறைய ஏறியிருந்தாலோ, இரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ பிளாஸ்டர் போடமாட்டார்கள். அதனால்தான் நாலாவது படியில் சொன்னவை முதலில். பிளாஸ்டர் வசதி கிடைக்காவிட்டால், புண் உள்ள இடத்தைச் சுற்றித் தடித்த ஃபெல்ட் துணி ஒட்டுவது, முன்பாதம் தரையில் படாத செருப்பு போன்ற வழிகள் இருக்கின்றன. "எனக்கு எது சரி, யார் செய்து தருவார்?" என்று கேட்டு, செயற்கை அங்கப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள்.

பிறகு வீடு. எங்கள் வீட்டில் பிழையாய்ப் போனது எல்லாம் இரவு 2 மணிக்கு நடந்த நடையில். பகல் முழுக்கக் கவனமாக இருந்துவிட்டு, நித்திரைத் தூக்கத்தில் எழும்பி வெறுங்காலோடு பாத்ரூமுக்குப் போவார் அம்மா. கொமட் கதிரை ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் புண்ணின் ஓரம் உள்ளே நகரத் தொடங்கியது. முதலில் "கட்டிலுக்குப் பக்கத்திலயோ, சீ" என்றார். அப்புறம் பழகிவிட்டது. வாங்க வேண்டியதில்லை, கொழும்பில் வாடகைக்குத் தருகிறார்கள். வோக்கர், சக்கர நாற்காலியும் அப்படித்தான்.

சமையலறையில் உயரமான கதிரை ஒன்று போடுங்கள். மரக்கறி நறுக்குவதை உட்கார்ந்தே செய்யலாம். மாடி வீடு என்றால் லிஃப்ட் வேலை செய்யாத நாளில் என்ன செய்வது என்று முதலே யோசியுங்கள். வெள்ளவத்தை ஃபிளாட்களில் கரண்ட் போனால் நாலு மாடி ஏற வேண்டிவரும், அன்றைக்குக் கிளினிக் திகதியாகவும் இருக்கும். மற்றக் காலையும் தினம் பாருங்கள், எல்லாப் பாரமும் இப்போது அதில்.

கோயில் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். நேர்த்தி, விரதம் என்று வந்துவிட்டால் டொக்டர் சொன்னது எடுபடாது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் மாதிரிக் கருங்கல் தளத்தில் மத்தியானம் வெறுங்காலோடு வீதி சுற்றினால், மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, கொப்பளம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். புண் ஆறும்வரை வாசலில் இருந்து கும்பிடுங்கள். ஆடிவேல் தேர் பார்க்க வேண்டும் என்றால் காலி வீதி ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பாருங்கள். கதிர்காமப் பாதயாத்திரை, தீமிதி எல்லாம் இந்தக் கால்களுக்கு இனி வேண்டாம். முருகன் கோபிக்கமாட்டார்.

6. மருந்து கட்டுவது

இதை ஏழாவது, எட்டாவதாகப் போடலாம் என்றிருந்தேன். எல்லாரும் முதலில் தேடுவது இதைத்தான் என்பதால் இங்கேயே.

0.9 வீத சேலைனால் கழுவி, டொக்டர் சொன்ன துணியை வைத்து, மேலே கோஸ் வைத்துக் கட்டுவது. அவ்வளவுதான். திறந்த சேலைன் போத்தலை நாட்கணக்கில் வைத்துப் பாவிக்காதீர்கள். பஞ்சைப் புண்ணில் நேரடியாக வைத்தால் நார் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜன் பெரொக்சைட் ஊற்றி நுரை வருவதைப் பார்த்துத் திருப்திப்படுவது பழைய பழக்கம். அது புதிதாக வளரும் சதையையும் சேர்த்து அரிக்கும். மஞ்சள், கோப்பித்தூள், பச்சிலைப் பத்து, பற்பசை எல்லாவற்றையும் தூர வையுங்கள். காலை வெந்நீரில் ஊறவைக்கவும் வேண்டாம். வெள்ளி கலந்தது, தேன் கலந்தது என்று விலையான துணிகள் பாமசியில் வரிசையாக இருக்கும். ஒன்று மற்றதைவிடத் தெளிவாக நல்லது என்று சொல்லப் பெரிய ஆதாரமில்லை. புண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் தெரிவு.

சுற்றிவரத் தடித்துப்போன தோலையும் செத்த சதையையும் டொக்டரோ பயிற்சி பெற்ற தாதியோ வெட்டி எடுப்பார்கள். இது தேவையான வேலை. கொஞ்சம் இரத்தம் வரும், வெட்டி முடிய புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். வீட்டுக்காரர் பயந்துபோய் "புண்ணைப் பெருப்பிச்சுப்போட்டினம்" என்று வேறு இடத்துக்கு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். ஓட வேண்டாம். வெட்டிய பிறகு எடுத்த அளவுதான் உண்மையான அளவு, அதிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். ஆணிக்கால் பிளாஸ்டர், பிளேட் வைத்து வீட்டில் நீங்களே வெட்டுவது இரண்டும் கூடவே கூடாது.

குளிக்கும்போது தடித்த பொலித்தீன் பையைக் காலில் போட்டு மேலே ரேப் ஒட்டுங்கள். இறப்பர் பட்டி இறுக்கும். மழை வெள்ளத்தில் கட்டு நனைந்தால் அடுத்த நாள்வரை பொறுக்காமல் அன்றைக்கே மாற்றுங்கள்.

7. சீனியும் சாப்பாடும்

சீனி உயர்ந்து நின்றால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். எச்பிஏ1சி இலக்கு பலருக்கு 7 வீதம் அளவில், வயதானவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்துவார்கள். புண் இருக்கும் காலத்தில் டொக்டர் தற்காலிகமாக இன்சுலின் போடச் சொல்லலாம். "ஊசி தொடங்கினால் சாகும்வரை நிப்பாட்ட ஏலாது" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதைக் கேட்டு மறுக்காதீர்கள். புண் ஆறிய பிறகு பலர் குளிசைக்குத் திரும்புகிறார்கள்.

சாப்பாட்டில் எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு தடங்கல் இருக்கிறது: கிரந்தி, அதாவது புண்ணைக் கூட்டும் என்று நம்பித் தள்ளிவைக்கும் சாப்பாடு. புண் என்றவுடன் கணவாய், இறால், சூரை, கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கிரந்தி என்று நிறுத்திவிடுவார்கள். முட்டை சூடு. இறைச்சி சீழ் பிடிக்கும். சீனி வருத்தம் என்பதால் சோறும் குறைத்தாயிற்று. மிஞ்சுவது இரண்டு இடியப்பமும் சொதியும். சதை வளர வேண்டிய நேரத்தில் சதைக்கு வேண்டிய புரதம் ஒரு துளி இல்லை. அம்மாவுக்குப் புரதம் குறைவு என்று இரத்தப் பரிசோதனையில் வந்த பிறகுதான் கிரந்தி பார்த்த பெரியம்மாவின் சட்டங்கள் வீட்டில் தளர்ந்தன.

புண் உள்ளவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் நாளொன்றுக்கு என்று சொல்வார்கள். 60 கிலோ ஆளுக்கு 75 முதல் 90 கிராம் வரும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. காலையில் முட்டை, மத்தியானம் மீன், பின்னேரம் அவித்த கடலை, இரவு பருப்பு என்று அளவையும் பார்த்துப் பிரித்தால் எட்டிவிடலாம். ஒரு உணவு உண்மையிலேயே உடம்புக்கு ஒத்துவராமல் அரிப்பு எடுத்தால் அதை மட்டும் விடுங்கள். சிறுநீரகம் பழுதான ஆட்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, கிரியற்றினின் ரிப்போட்டைக் காட்டிக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

சிகரட், பீடி இருந்தால் நிறுத்த வேண்டும். குழாய் ஏற்கனவே சுருங்கியிருக்கிறது.

8. காசு எங்கே போகும்

அரச வைத்தியசாலையில் பார்ப்பது, மருந்து கட்டுவது, வாட், சத்திரசிகிச்சை எல்லாம் இலவசம். மருந்து ஸ்டொக் இல்லாவிட்டால் வெளியே வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். முதலில் அரச ஒசுசலவில் கேளுங்கள், பிறகு மற்றப் பாமசி. சில இரத்தப் பரிசோதனைகளை வெளியே எடுத்துவரச் சொல்வதும் உண்டு.

தனியாரில் ஒரே தொகை என்று நினைத்துப் போகாதீர்கள். டொக்டர் காசு வேறு, வைத்தியசாலைக் காசு வேறு, புக்கிங் காசு வேறு. மருந்து கட்டும் அறைக்கு ஒன்று, பாவித்த பொருளுக்கு ஒன்று. கட்டத் தொடங்கும் முன் "பொருளோட சேர்த்து எவ்வளவு வரும்?" என்று தாதி மிஸ்ஸிடம் கேட்டுவிடுங்கள். கட்டி முடிந்த பிறகு பில்லோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு புண்ணை உறிஞ்சும் வக் மெஷின் போடச் சொன்னால், மெஷின் வாடகை ஒரு நாளுக்கா முழுக்கவா, உள்ளே மாற்றும் பொருட்கள் சேர்த்தா என்று கேளுங்கள்.

சீனி பார்க்கும் மெஷின் மலிவாகக் கிடைக்கும், காசு போவது ஸ்டிரிப்பில். மெஷின் வாங்கும் முன் ஸ்டிரிப் பெட்டியின் விலையைக் கேளுங்கள். எச்பிஏ1சி கடந்த 2, 3 மாதச் சராசரியைக் காட்டுவது, அதை மாதாமாதம் எடுப்பது வீண்.

எதிர்பாராத செலவு ஓட்டோ. பஸ்ஸில் யாராவது புண் காலை மிதித்துவிடுவார்கள் என்பதால் பஸ் சரிவராது. போன் அப்பில் பிடித்தால் மீற்றர் சண்டை இல்லை, ரசீதும் போனில் இருக்கும்.

அரச உத்தியோகம் என்றால் அக்ரஹார காப்புறுதி இருக்கும், தனியார் கம்பனி என்றால் அவர்களின் காப்புறுதி. எதுவானாலும் மூல பில், டொக்டரின் துண்டு, டயக்னோசிஸ் காட் மூன்றும் கேட்பார்கள். கொடுக்கும் முன் போட்டோகொப்பி எடுங்கள். வெப்பத் தாளில் அடித்த பில் சில மாதத்தில் வெளிறிப்போகும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். பெரிய சத்திரசிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கேட்கலாம், விண்ணப்பம் பிரதேச செயலகத்திலும் ஏற்கிறார்கள். காசு கட்டிய பிறகு ஓடாமல் முதலே விசாரியுங்கள்.

9. நாலு கிழமைக் கணக்கு

புண்ணின் நீளத்தை அகலத்தால் பெருக்குங்கள். 3 சென்ரிமீற்றர் நீளம், 2 சென்ரிமீற்றர் அகலம் என்றால் 6. ஒழுங்காக எல்லாம் செய்தும் நாலு கிழமை முடிவில் அது 3 அளவுக்காவது இறங்கவில்லை என்றால், இதே வழியில் போனால் அது மூன்று மாதத்தில் ஆறுவதற்கு வாய்ப்புக் குறைவு. துணியை மாற்றிப் பார்ப்பது, களிம்பை மாற்றிப் பார்ப்பது என்று இன்னும் இரண்டு மாதத்தைக் கடத்தாதீர்கள். படங்களோடு போய், "இரத்த ஓட்டத்தையும் எலும்பையும் திரும்பப் பாருங்கோ" என்று கேளுங்கள். புண்ணில் ஊசி போட்டு வளர்க்கிறோம், விசேட சிகிச்சை தருகிறோம் என்ற விளம்பரங்கள் இந்தக் கட்டத்தில்தான் கண்ணில் படும். அந்த இரண்டையும் பார்க்காமல் அதற்குக் காசு கட்டாதீர்கள்.

10. வாட்டில் மறித்தால், விரலை எடுக்க வேண்டும் என்றால்

வாட்டில் மறிக்கும்போது பாய், தலையணை உறை, சவர்க்காரம், தண்ணீர்ப் போத்தல், வழமையாகக் குடிக்கும் குளிசைகள் கொண்டு போங்கள். குளிசையைத் தாதியிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டயக்னோசிஸ் காட், கிளினிக் திகதி, மருந்து கட்டும் துண்டு மூன்றும் கையில் இருக்கிறதா என்று வாட் வாசலிலேயே பாருங்கள். பிறகு ஒன்று காணவில்லை என்றால் ஒரு நாள் போய்விடும்.

விரலையோ காலையோ எடுக்க வேண்டும் என்று சொன்னால், உயிருக்கு ஆபத்தான கிருமி இருந்தால் இழுத்தடிக்க வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள். அப்படி அவசரமில்லை என்றால் இரண்டு கேள்வி: இரத்தக்குழாய் நிபுணர் பார்த்தாரா? அடைப்பை நீக்க வழி இருக்கிறதா என்று அஞ்சியோகிராம் (இரத்தக்குழாய்ப் படம்) எடுத்துப் பார்க்கலாமா? இரத்தம் போகாத காலில் விரலை வெட்டினால் வெட்டின இடமும் ஆறாது, பிறகு இன்னும் மேலே வெட்ட வேண்டிவரும். அஞ்சியோகிராமுக்கு முன் சிறுநீரக ரிப்போட்டையும் சீனிக் குளிசைப் பட்டியலையும் மறக்காமல் காட்டுங்கள்.

11. ஆறிய பிறகு

ஒரு முறை புண் வந்து ஆறிய பத்துப் பேரில் நாலு பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. ஆகவே கிளினிக்கை விட்டுவிடாதீர்கள், 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை யாராவது பாதத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் தினம் இரவு, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்து அல்லது பேரப்பிள்ளையைப் பிடித்துப் பார்ப்பது. விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது. குதிக்காலுக்குக் கிரீம் பூசலாம், விரலிடுக்கில் பூசக் கூடாது. குளிக்கும் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பட்டி போகிற பாட்டாச் செருப்பு இனி இல்லை, வீட்டுக்குள்ளும். பின்பக்கம் பட்டி உள்ள, முன்பக்கம் மூடிய, உள்ளே மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை இறப்பர்) தட்டு வைத்த செருப்பு வேண்டும். பாதத்தின் வடிவம் மாறியிருந்தால் அளவெடுத்துச் செய்ய வேண்டும், அதற்குச் செயற்கை அங்கப் பிரிவுக்கு மறுபடியும் கடிதம் கேளுங்கள், செய்து வரச் சில கிழமை பிடிக்கும் என்பதால் புண் மூடும் முன்பே ஓடர் கொடுத்துவிடுங்கள். கடையில் வாங்குவதானால் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போங்கள். கடதாசியில் பாதத்தை வரைந்து வெட்டிக் கொண்டுபோய்ச் சப்பாத்துக்குள் போட்டுப் பாருங்கள், ஓரம் மடிந்தால் அது சின்னது. புதியதை முதல் நாள் ஒரு மணித்தியாலம் மட்டும் போட்டுக் கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த நாள் கொஞ்சம் கூட்டுங்கள். போடும் முன் ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் தட்டுங்கள். எங்கள் வீட்டில் விழுந்தவை: ஒரு பட்டன், ஒரு லெகோத் துண்டு, ஒரு கரப்பான்.